உசுருக்கு உத்தரவாதம் இல்லீங்க

அண்ணா, ஒரு காமெடி சொல்றேன், கேட்கறீங்களா? சாதாரணக் காமெடி இல்ல. வண்டியை ஓரங்கட்டி நிறுத்திட்டு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிப்பீங்க, அப்படிப்பட்டது. ஆனா இப்பச் சொல்ல மாட்டேன். இப்பவே சொல்லிட்டா மயிலாடுதுறை வர்ற வரைக்கும் நான் என்னத்தைப் பேசறது? கொஞ்சம் கொஞ்சமாத்தான் வருவேன். சிரிப்பு கடைசியில. நடுவுல நீங்களாச் சிரிச்சா அது உங்க இஷ்டம், அது கணக்குல வராது.

இந்த முன்சீட்டை அப்பா எனக்குச் சும்மா விட்டுக்கொடுக்கலைங்ணா. தஞ்சாவூர்ல சாப்பிட்டு முடிச்சதும் கைகழுவுற இடத்துல தனியாப் பிடிச்சார். "டிரைவர் பவானியிலேர்ந்து ஒத்தை ஆளா ஓட்டிக்கிட்டு வர்றாரு. சோறு உள்ள போயிருக்கு, கண்ணு சொக்கும். நீ முன்னாடி உக்காந்து பேச்சுக் குடுத்துக்கிட்டே வா. உன்ற வாய் ஒரு நாளாவது உருப்படியா உழைக்கட்டும்." இது அப்பா குரல். எப்படி இருந்துச்சு? திரும்பிப் பாத்தீங்கதானே? கண்ணாடியில அப்பா வாயைப் பாத்தீங்க, நான் கவனிச்சேன். அவர் கல்யாண மண்டபத்துல மேனேஜருங்ணா. மேளச் சத்தத்துக்கு மேல கத்திக் கத்தி, வீட்டுல உப்பு கேட்டாக்கூடக் காணாமப்போன குழந்தையை மைக்குல தேடற மாதிரிதான் கேட்பார்.

அவருக்கு மணிக்கட்டு சுளுக்கிக்கிச்சு. அதனாலதான் நீங்க. போன்ல, "ஒரு ஆக்டிங் வேணுமுங்க, காலைல அனுப்பிடுங்க"ன்னார். நான் பக்கத்துல நின்னு, ஏம்ப்பா, வீட்டுலயே ஒரு ஆக்டிங் இருக்கறப்ப வெளியில எதுக்குன்னு கேட்டேன். சுளுக்காத கையால ஒண்ணு விழுந்துச்சு. நீங்களும் ஆக்டிங், நானும் ஆக்டிங். வையாபுரி அண்ணா ஆக்டிங் டிரைவர், சிபி ஆக்டிங் ஆக்டர்.

கொட்டாவி விடாதீங்கண்ணா. எனக்கும் ஒட்டிக்குது.

பின்னாடி பாருங்களேன். எங்கம்மா தூங்கறாங்க. உங்களுக்கு இதோட அருமை தெரியாது. கார்ல ஏறினா அம்மா கண்ணே மூட மாட்டாங்க. ஒவ்வொரு லாரிக்கும் ஒரு முருகா. "ஏனுங்க, மெதுவா போகச் சொல்லுங்க. ஏனுங்க, அவன் இண்டிகேட்டர் போடறான். ஏனுங்க, மாடு." இப்பப் பாருங்க, வாயைப் பொளந்துக்கிட்டு. அவங்க தம்பியோட நிச்சயதார்த்தத்துக்குப் போறாங்க, பழத்தட்டு நசுங்கிடும்னு மடியில வச்சுக்கிட்டு வந்தாங்க, அது கால்மாட்டுல சரிஞ்சு கிடக்குது, அதுகூடத் தெரியல. தங்கச்சி நிறை அவங்க தோள்ல. அப்பா அந்தப் பக்கம். மூணு பேரும் அடுக்கி வச்ச மாதிரி. நீங்க ஓட்டற விதத்து மேல அவ்வளவு நம்பிக்கைங்ணா.

நிறைமதிக்கு மட்டும் காலையிலேர்ந்து ஒத்துக்கல. தஞ்சாவூருக்கு முன்னாடி வாந்தி எடுத்தா இல்ல? கீழ இறங்கி நின்னதும் சரியாகி ரெண்டு பூரி தின்னா. ஏறினதும் மறுபடி தலைவலின்னா. நடிப்பு. முன்சீட்டு வேணும்னு நடிப்பு. என் தங்கச்சி இல்லையா, ரத்தத்துல இருக்கும். அவளைப் பத்தித்தான் அந்தக் காமெடியே. பொறுங்க.

மழை வலுத்துடுச்சு. உங்க பக்கம் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி வச்சுக்கிட்டு வந்தீங்க, இப்ப அதையும் ஏத்திட்டீங்களா? சரிதான், சட்டையெல்லாம் நனையுது. என் பக்கம் இறங்கவே இறங்காதுங்ணா. சுவிட்ச் செத்து ரொம்ப நாளாச்சு. பின்னாடி ரெண்டும் உங்க கைக்குக் கீழ இருக்கற சுவிட்சுலதான். நிறை கையை வெளிய விடறான்னு அப்பா எல்லாத்தையும் லாக் பண்ணி வச்சிருக்கார். பழைய வண்டி. ஒரு டாக்டர் வச்சிருந்தது. வாங்கினப்ப அப்பா ஊரெல்லாம் சொன்னார், டாக்டர் வண்டி, டாக்டர் வண்டின்னு. வண்டிக்கு நாடி பாத்து வச்சிருப்பார்ங்கற மாதிரி.

காமெடி இந்த வண்டியிலேர்ந்துதான் ஆரம்பிக்குது. அதோ, ஸ்பீடு முள்ளுக்குப் பக்கத்துல மஞ்சளா ஒரு லைட் எரியுதே, ஆமை மாதிரி? அது எஞ்சின் லைட்டாம். நாங்க ஆமைன்னுதான் சொல்லுவோம். போன மாசம் ஒரு நாள் ஆமை வந்து உக்காந்துச்சு. அப்பா கண்டுக்கல. புகை சர்டிபிகேட் முடியற நேரம். பெட்ரோல் பங்க்குக்கு வெளிய ஒரு வேன் நிக்கும், அதுல ஒருத்தர். எப்பவும் அவர் நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுப்பார், காகிதத்தை நீட்டுவார், அவ்வளவுதான். அன்னிக்குப் பாத்து நிஜமாவே சைலன்சர்ல பைப்பைச் சொருகிட்டார். எதிர்ல போலீஸ் ஜீப் நின்னுச்சு, அதனால. பாக்கைக் கன்னத்துல ஒதுக்கிக்கிட்டு மூக்கால பேசுவார். "சார், இது காரா, வெறகடுப்பா? பெட்ரோல் பாதி எரியாமலே வெளிய வருது. இந்தப் புகைக்கு நான் சர்டிபிகேட் குடுத்தா என்னைத்தான் டெஸ்ட் பண்ணுவாங்க."

அப்பாவுக்கு அவமானம். நேரா பெரியண்ணன் ஒர்க்‌ஷாப்புக்கு விட்டார்.

பெரியண்ணன் யாருன்னு சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். எங்க ஊர் மெக்கானிக். பேர்தான் பெரியண்ணன், ஆள் இத்தனூண்டு. எதைச் சொன்னாலும் முதல்ல தொண்டையைச் செருமுவார். க்க்ரும். அப்புறம் கண்ணை மூடிக்கிட்டு ஒரு வரி சொல்லுவார். "அப்புறம் உசுருக்கு நான் உத்தரவாதம் இல்லீங்க." பிரேக்குக்குச் சொன்னா நியாயம். வைப்பர் ரப்பர் கிழிஞ்சதுக்கும் அதான். ஹாரன் கம்மினதுக்கும் அதான். ஒரு தடவை டேஷ்போர்டுல ஊதுபத்தி ஸ்டாண்டு ஆடிச்சு. "க்க்ரும். இதை ஒட்டிடுங்க சார். அப்புறம் உசுருக்கு நான் உத்தரவாதம் இல்லீங்க." அம்மா அன்னிக்குச் சிரிச்ச சிரிப்பு இருக்கே. அந்த ஒரு வரியை நான் பிடிக்க எத்தனை நாள் கண்ணாடி முன்னாடி நின்னேன் தெரியுமா? 'உசுருக்கு'ல குரலை இறக்கணும், 'இல்லீங்க'ல மூக்குக்கு ஏத்தணும். அவர் சம்சாரமே போன்ல ஏமாந்திருக்காங்க. சாப்பாடு கட்டிக் குடுத்து விட்டுட்டாங்க.

சரி, அவர் வண்டியைப் பாத்தார். பாத்துட்டு ஒரு விஷயம் சொன்னார், அவர் குரல்லயே கேளுங்க. "க்க்ரும். சார், எஞ்சினுக்கு ஒரு மூக்கு இருக்குது. ஆக்சிஜன் சென்சார்னு பேரு. புகை வெளிய போற குழாய்ல உக்காந்து மோந்து பாக்கும். பெட்ரோல் பத்தலைன்னா இன்னும் ஊத்துன்னு சொல்லும், கூடிப்போச்சுன்னா குறைன்னு சொல்லும். இப்ப இந்த மூக்கு பத்தலை பத்தலைங்குது. சைலன்சர்ல பாத்தா பெட்ரோல் கொட்டுது. ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது சார். மூக்கை மாத்திடலாம். இல்லீன்னா..." இல்லீன்னா என்ன? ஆங். நீங்களே சொல்ல ஆரம்பிச்சுட்டீங்க.

மூக்கை மாத்தினார். ஆமை ரெண்டு நாள் காணாமப்போச்சு, மூணாம் நாள் வந்து உக்காந்துடுச்சு. புது மூக்கும் அதே பாட்டு, பத்தலை பத்தலை. பெரியண்ணனுக்குத் தூக்கம் போச்சு. அங்கதான் நான் உள்ள வர்றேன்.

இதைக் கேளுங்க. டிக். டிக். டிக். டிக்.

நாக்கை மேலண்ணத்துல ஒட்டி உதட்டை அசைக்காமப் பண்ணணும். இப்பப் பக்கத்துல இருக்கறதால தெரியுது. பின்சீட்டுல இருந்து பண்ணினா பானெட்டுக்கு உள்ளேர்ந்து வர்ற மாதிரியே இருக்கும். அப்பா ஆக்சிலேட்டரை மிதிச்சா வேகமா, காலை எடுத்தா மெதுவா. அதுலதான் கலையே இருக்கு. ஒரு நாள் ஸ்கூல் போற வழியில சும்மா ஆரம்பிச்சேன். அப்பா ரேடியோவை நிறுத்தினார். காதைச் சாய்ச்சார். மண்டபத்துக்குப் போகாம ஒர்க்‌ஷாப்புக்குத் திருப்பினார். எனக்கு அன்னிக்குக் கணக்குப் பரீட்சை. பிழைச்சேன்.

பெரியண்ணன் நீளமான ஸ்குரூ டிரைவரை எஞ்சின்ல வச்சு, பிடியைக் காதுல வச்சுக் கேட்டார். டாக்டர் வண்டிக்கு டாக்டர். ஒண்ணும் கேட்கல. எப்படிக் கேட்கும்? நான் டீ குடிச்சிட்டிருந்தேன். ஓட்டிப் பாக்கலாம்னு ஏறினார், நானும் பின்னாடி ஏறினேன். டிக் டிக். இறங்கிப் பானெட்டைத் திறந்தா சத்தம் இல்ல. மூடினா டிக் டிக். காவிரிப் பாலம் வரைக்கும் போயிட்டு வந்தோம். மனுஷன் சட்டையைக் கழட்டிட்டு வண்டிக்கு அடியிலேயே படுத்துட்டார். வெளிய வந்து, "சார், நாப்பது வருஷத்துல இப்படி ஒரு சத்தத்தை நான் பாத்ததில்ல"ன்னார். என்னால அடக்க முடியல. டிக்குக்கு நடுவுல சிரிச்சுட்டேன்.

அப்பா பெல்ட்டைத் தேடினார். பெரியண்ணன் மட்டும் கையைத் துடைச்சுக்கிட்டார். என்னைப் பாத்தார், ஸ்குரூ டிரைவரைப் பாத்தார். "இனி உங்க வண்டியை நான் காதால பாக்க மாட்டேன் சார்"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டார். அந்த முகத்தை நீங்க பாத்திருக்கணும்.

ஏனுங்ணா, நெத்தியைத் தேய்ச்சுக்கறீங்க? தலைவலியா? எனக்கும் இங்க, ரெண்டு பொட்டுலயும் அடிக்குது. வாய் ஓயாமப் பேசினா எனக்கு இப்படித்தான் ஆகும். ஏசியைக் கூட்டி வைங்க. கூட்டி வச்சாத் தெளியும்.

அடடா, கேட் போட்டுட்டாங்க. இந்த ரயில்வே கேட்ல எவ்வளவு நேரமோ. எஞ்சினை நிறுத்தப் போறீங்களா? வேண்டாங்ணா, வேண்டாம். நிறுத்தினா ஏசி நிக்கும், ஏசி நின்னா மூணு பேரும் எழுந்துக்குவாங்க, எழுந்தா காமெடி போச்சு. நிறை தூங்கிட்டே இருக்கணும். ஓடட்டும், விடுங்க. அப்பாதான் பெட்ரோல் போட்டிருக்கார், உங்களுக்கென்ன.

எங்க விட்டேன்? ஆங், என் வாழ்க்கையிலேயே பெரிய வெற்றி. அதைச் சொல்லணும்.

அந்தச் சம்பவத்துக்கு அப்புறம் ஒரு பத்து நாள் நான் டிக் டிக்கைத் தொடவே இல்ல. சாமி சத்தியமா. வேற பக்கம் போயிட்டேன். பெரியண்ணன் குரல்ல அப்பாவுக்குப் போன் போடறது. "சார், உங்க டிக்கியில கோழி அடை படுத்திருக்குது. குஞ்சு பொரிக்கற வரைக்கும் பள்ளத்துல இறக்காதீங்க. அப்புறம் உசுருக்கு நான் உத்தரவாதம் இல்லீங்க." முதல் தடவை அப்பா நிஜமாவே டிக்கியைத் திறந்து பாத்தார். மூணாவது தடவை எடுத்ததுமே, "வைடா போனை"ன்னார். ஒரு தடவை நிஜப் பெரியண்ணனே பேசி, அவருக்கும் "வைடா" கிடைச்சுது. அதை விடுங்க.

வெற்றி என்னன்னா, போன வாரம் ஒரு காலை நேரம். நல்ல குளிர். நான் பின்வாசல்ல பல் விளக்கிட்டிருக்கேன், வாயெல்லாம் நுரை. அப்பா முன்வாசல்ல வண்டியை ஸ்டார்ட் பண்றார். பண்ணிட்டு, கார்ல யாருமே இல்ல, பின்சீட்டைப் பாத்து, "போதும்டா சிபி, காலங்காத்தால ஆரம்பிக்காதே"ங்கறார்.

யோசிச்சுப் பாருங்கண்ணா. நான் அங்க இல்ல. எங்கயோ நுரை துப்பிட்டிருக்கேன். அவருக்கு என் டிக் டிக் கேட்குது. ஆளே இல்லாம மிமிக்ரி. காதுக்குள்ளயே போய்க் குடியிருந்துட்டேன். மறுநாளும் அதேதான், "போதும்டா". அதுக்கு மறுநாளும். கொஞ்ச தூரம் போய் வண்டி சூடானதும் நின்னுடுமாம். "பையனுக்கு வாய் வலிக்குது போல"ன்னு அம்மாகிட்ட சொல்லியிருக்கார். நான் எதையும் மறுக்கல. பல் விளக்கிட்டு வந்து அமைதியா இட்லி சாப்பிட்டேன்.

அந்த வாரமே பெரியண்ணன் கடைசியா ஒரு தடவை வண்டியை வாங்கிப் பாத்தார். ஒண்ணுதான் கேட்டார். "சத்தம் கித்தம் ஏதாவது வருதுங்களா சார்?" அப்பா என்னைத் திரும்பி ஒரு முறை முறைச்சுட்டு, "சத்தமெல்லாம் என்ற பையன்தான். அதை நீங்க கண்டுக்காதீங்க"ன்னார். பெரியண்ணனும் தலையை ஆட்டிட்டு எழுதி வச்சுக்கிட்டார், நிச்சயத்துக்குப் போயிட்டு வந்து விடுங்க, கழட்டிப் பாத்துடலாம்னு. நான் அங்கயே நின்னேன். சிரிப்பை அடக்கி அடக்கி விலா வலிச்சுது.

கேட் திறந்துட்டாங்க. போங்க. அண்ணா? கேட் திறந்தாச்சுங்ணா. பின்னாடி ஹாரன் அடிக்கறான். ஆங், போங்க. ஒரு நிமிஷம் கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்கிட்டீங்க, நான் பாத்தேன். அப்பாகிட்டச் சொல்ல மாட்டேன்.

இப்ப வந்துட்டோம். சிரிப்புக்கு வந்துட்டோம். தயாரா இருங்க.

தஞ்சாவூர்ல கைகழுவுற இடத்துல அப்பா இன்னொண்ணும் சொன்னார்னு சொன்னேனா? சொல்லல. வேணும்னேதான் சொல்லல. தோள்ல கையைப் போட்டார். பாராட்டற மாதிரி. "காலையில போன்ல பண்ணினியே, அது சுமார்தான்டா"ன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. காலையில நான் எந்தப் போனும் பண்ணல. குளிச்சிட்டு வெளிய வர்றப்பவே நீங்க வந்து நின்னுட்டீங்க, பெட்டி தூக்கத்தான் நேரம் இருந்துச்சு. ஆனா கை தட்டறப்ப நான் இல்லைன்னு எந்த ஆர்ட்டிஸ்ட்டாவது சொல்லுவானா? சும்மா சிரிச்சு வச்சேன். அவரே முழுசாச் சொன்னார். பெரியண்ணன் குரல்ல போன் வந்துச்சாம். "டிக் டிக்னு கேட்டுச்சுங்களான்னு ஆரம்பிச்சே பாரு, அங்கயே நீதான்னு தெரிஞ்சுபோச்சு. அப்புறம் பெரியண்ணன் பேசினா அந்த உத்தரவாத வரி இல்லாமப் பேசுவானா? அதையே விட்டுட்டியேடா. குரல் மட்டும் சரியா இருந்தாப் போதாது. நான் பாதியிலயே வச்சுட்டேன்."

அப்ப யார் பண்ணினது? யோசிச்சேன். சிரிப்பு வந்துடுச்சு. நிறை. என் தங்கச்சி. நாலு நாளா அவளுக்குத் தொண்டை கட்டியிருக்கு, குரல் ஆம்பளை மாதிரி இருக்கு. கழுதை, அதை உபயோகப்படுத்திக்கிட்டா. எனக்கே தெரியாம, என் பெரியண்ணனை எடுத்து, என் பேர்ல, எங்கப்பாகிட்ட. ஆனா கத்துக்குட்டி, முக்கியமான வரியையே விட்டுட்டா. இப்ப நான் என்ன பண்ணப் போறேன்னா, அவ காதுகிட்டப் போய் அதே போனை அப்படியே பண்ணி, கடைசியில அந்த வரியைச் சரியா வச்சு எழுப்பப் போறேன். அலறுவா பாருங்க. அதான் காமெடி. முதல்ல உங்களுக்கு ஒரு தடவை ஒத்திகை. அப்பா சொன்னதை அப்படியே சொல்றேன், ஒரு வார்த்தை மாத்தாம.

"சார், பெரியண்ணன் பேசறேன். கிளம்பிட்டீங்களா? கிளம்பாதீங்க. காலையில எஞ்சின் ஆறியிருக்கறப்ப டிக் டிக்னு கேட்டுச்சுங்களா? நேத்து உங்க வண்டி தொடைச்ச துணியைப் பாத்தேன் சார், எஞ்சினுக்குப் பின்னாடி தகட்டுல கரி. சைலன்சர் வழியாப் போக வேண்டிய கரி எஞ்சின்கிட்ட எப்படி வரும்? மூக்குக்கு முன்னாடியே குழாய்ல விரிசல் சார். அது வழியா வெளிக்காத்து உள்ள போறதாலதான் மூக்கு பொய் சொல்லுது. புகை அங்கயே வெளிய வருது. ஏசி அந்தக் காத்தைத்தான் உள்ள இழுக்கும். சூடானா சத்தம் அடங்கும், ஓட்டை அடங்காது. வாசனை தெரியாது சார். தலை வலிக்கும், குமட்டும், தூக்கம் வரும். அது தூக்கம் இல்ல. கண்ணாடியைத் திறந்து"

இங்கதான் அப்பா வச்சது.

இருங்கண்ணா. அந்த வரியை எங்க வைக்கறதுன்னு பாக்கறேன். "தூக்கம் வரும், அப்புறம் உசுருக்கு..." இல்ல. "கிளம்பாதீங்க, அப்புறம்..." ம்ஹூம். முதல்ல க்க்ரும் கூட இல்லையே. இடமே இல்லண்ணா இதுல. மூச்சு விடக்கூட இடம் விடாமப் பேசியிருக்கார்.

பேசியிருக்கா. நிறை.

நிறைக்கு எப்படிக் கரி தெரியும்? எனக்கே தெரியாதே. துணியை நான் பாக்கல. அவ ஒர்க்‌ஷாப்புக்கே வந்ததில்ல. குழாய், விரிசல்... இதையெல்லாம் அவ எங்க போய்...

அந்த டிக் டிக். நான் பல் விளக்கிட்டிருந்தேனே.

நிறை. ஏய் நிறை. எழுந்திரு. உன் ஸ்டாப்பிங் வந்துடுச்சு. நிறை. அண்ணா, கிள்ளறேன், கையை இழுத்துக்க மாட்டேங்கறா. அம்மா. அம்மா, மாடு. அம்மா, லாரி வருது பாருங்க. அம்மா.

அண்ணா, கண்ணாடியை இறக்குங்க. எல்லாத்தையும். மழை அடிச்சா அடிக்கட்டும். வண்டியை ஓரங்கட்டுங்க.

சிரிக்கறீங்க.

இல்லண்ணா, இது அது இல்ல. இதுக்குச் சிரிக்கக் கூடாது. ஐயோ, நல்லாப் பண்றேன்னு தலையை ஆட்டறீங்களே. கோட்டைத் தாண்டறீங்க, ரோட்டைப் பாருங்க. யார் குரல்ல சொன்னா கேட்பீங்க? "டிரைவர், வண்டியை நிறுத்துங்க." பாருங்க, மறுபடி கண்ணாடியில அப்பா வாயைப் பாக்கறீங்க. அவர் வாய் அசையாதுங்ணா. அவர் எழுந்திருக்க மாட்டேங்கறார்.

பவானியிலேர்ந்து நீங்க கேட்டதுல ஒண்ணுகூட என்னோட குரல் இல்லண்ணா. இதுதான் என்னோடது. நீங்க கேட்டதில்ல, அதான் உங்களுக்கு அடையாளம் தெரியல. நடுங்கறது நடிப்பு இல்ல. சிரிப்பை நிறுத்திட்டு ஒரே ஒரு தடவை என் முகத்தைப் பாருங்க.

நிறுத்துங்கண்ணா.

அந்த உத்தரவாத வரியை நான் சொல்லவே இல்ல, பாருங்க.